முற்பணம் பெற்று முடிக்கப்படாத கால்நடை வைத்தியம்
சப்ரகமுவ மாகாணத் தோட்டப்புறக் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த கிராமங்களிலும் நெல்லும் காய்கறியும் பயிரிடுவோருக்குக் கால்நடை வளர்ப்பு ஓர் உபதொழில் மாத்திரமன்று. மேட்டுப் பாத்திகளில் வளரும் போஞ்சி, கத்தரி, பாகல் ஆகியவற்றுக்கு எருவளிப்பது லயத்தின் பின்புறப் பட்டியிலே கட்டியிருக்கும் பசுவே ஆகும். இரு சில்லு உழவு இயந்திரம் இன்று பெரும்பாலான வயல்களில் எருமையின் இடத்தைப் பிடித்துக் கொண்டதாயினும், மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஆழ்ந்த சேற்று வயல்களில் எருமையின் கால்களுக்குள்ள மதிப்பு குறைந்துவிடவில்லை. மழை மிகுந்து விளைச்சல் அழிந்த போகத்தில் விதையும் பசளையும் வாங்குவதற்குக் கைகொடுப்பது பாற்பணமேயாகும். இவ்வாறிருக்க, ஒரு பசுவின் சிகிச்சைக்கென முன்கூட்டியே செலுத்திய பணம் வீணாகி, சிகிச்சையும் இடைநடுவே நின்றுவிடுமாயின், அந்த நட்டம் பட்டியோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த போகத்தின் விதைப்பு வரை அது செல்கின்றது.

மிருக வைத்தியத்துக்கு முற்பணம் செலுத்தும் வழக்கம் பலவகையாக நடைபெறுகின்றது. மூன்று அல்லது நான்கு தவணைகளில் செய்யவேண்டிய சிகிச்சைக்கு முழுத்தொகையையும் முதல் நாளிலேயே பெற்றுக்கொள்வது ஒரு வகை. ஆண்டு முழுவதும் இத்தனை முறை வந்து பார்ப்பதாகவும், தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுப்பதாகவும் கூறி ஒரு தொகையைப் பெறுவது இன்னொரு வகை. செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கும் பின்னர் செய்யவேண்டிய சினைச் சோதனைக்கும் சேர்த்துப் பணம் வாங்குவதும் உண்டு. தோட்டங்களில் இப்பணம் நேரே கொடுக்கப்படாமல், சங்கத்தின் மூலமோ பாற்காசிலிருந்து கழிக்கப்பட்டோ செலுத்தப்படுதல் சாதாரணம். இந்த இறுதி முறையில்தான் தகராறுகள் அதிகம் சிக்கலாகின்றன. ஏனெனில் பணம் பெற்றவர் ஒருவரும், சிகிச்சை செய்பவர் வேறொருவருமாக இருப்பர்.

முற்பணம் செலுத்துதல் தவறானதன்று. மலைமேலுள்ள தோட்டப் பிரிவொன்றுக்கு ஒரு வைத்தியர் வந்து செல்வதற்குச் செலவாகும் எரிபொருளையும் நேரத்தையும் எண்ணிப் பார்த்தால், ஓரளவு முற்பணம் கேட்பது நியாயமென்றே தோன்றும். எதற்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்பது எங்கும் எழுதப்படாமற் போவதே கேட்டுக்குக் காரணம்.

முடியாத சிகிச்சையும் பலிக்காத சிகிச்சையும்

இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கமக்காரர் முதலில் தெளிவாக உணர்ந்து கொள்ளல் வேண்டும். வைத்தியர் ஒருவர் தகுந்த கவனத்துடனும் திறமையுடனும் சிகிச்சை செய்வதாகவே பொறுப்பேற்கிறார். மிருகம் பிழைத்தே தீருமென உறுதியளிப்பதில்லை. எல்லாத் தவணைகளும் ஒழுங்காகச் செய்யப்பட்ட பின்னரும் மாடு இறந்துபோனால், அக்காரணம் ஒன்றைக் கொண்டே பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அதுபோலவே, ஒருமுறை சினைப்படுத்திய பசு சினைபிடிக்கவில்லை என்பதாலும் கட்டணம் மீளாது. ஆனால் "சினைபிடிக்கும் வரை மறுபடியும் செய்து தரப்படும்" என்று சொல்லிப் பணம் பெற்றிருந்தால் நிலைமை வேறாகும். அங்கே வாக்களிக்கப்பட்டது ஒருமுறைச் செயலன்று. காப்புறுதியும் இதனின்று வேறானது. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையிடமோ வேறெங்குமோ மாட்டைக் காப்புறுதி செய்தவர், ஆண்டு முழுவதும் மாடு நலமாயிருந்தது என்பதற்காகக் கட்டுப்பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை. அங்கே ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்கே பணம் கொடுக்கப்பட்டது. இங்கோ, செய்யப்பட வேண்டிய வேலைக்கே பணம் கொடுக்கப்படுகின்றது. வேலை நடைபெறாவிடின் அப்பணத்தை வைத்துக்கொள்ளப் பெற்றவருக்கு உரிமையில்லை.

இனி, முடிக்கப்படாத சிகிச்சையிலும் வேறுபாடுகள் உண்டு. அவற்றை அறிவதற்குச் சட்டப் புத்தகத்தினும் கால்நடைச் சாத்திரமே அதிகம் உதவும்.

கோமாரி நோய்க்கு முதன்முறையாகத் தடுப்பூசி பெறும் கன்றுக்கு முதலூசியின் பின் ஏறக்குறைய ஒரு மாதத்தில் இரண்டாவது ஊசி இடப்படுதல் வேண்டும். அதன்பின்னர் மருந்தின் வகைக்கேற்பச் சாதாரணமாக ஆறு மாதத்துக்கொருமுறை தொடரப்படும். முதலூசி உடலை ஆயத்தப்படுத்துகின்றது. நின்று நிலைக்கும் காப்பைத் தருவது இரண்டாவதேயாகும். ஆகவே இரண்டு ஊசிகளுக்குப் பணம் பெற்றுக்கொண்டு ஒன்றை மாத்திரம் இட்டுவிட்டுச் சென்றவர், "பாதி வேலை செய்தேன், பாதிப் பணம் எனக்குரியது" என்று வாதிப்பது பொருந்தாது. காலம் கடந்துவிட்டால் முதலிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். அந்நிலையில் முழுத்தொகையையும் கேட்பதற்குக் கமக்காரருக்கு நியாயமான காரணம் உண்டு.

எருமைக் கன்றுகளின் நிலை இதனினும் கடுமையானது. தாய்ப்பாலின் வழியே கன்றின் குடலைச் சேரும் பெரிய உருண்டைப் புழுக்களை ஒழிப்பதற்குரிய மருந்து, கன்று பிறந்த 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் கொடுக்கப்படின் நற்பலன் தரும். ஒரு மாதம் சென்றபின் வந்து மருந்தை ஊற்றுபவர், கன்று மெலிந்து வளர்ச்சி குன்றிய பின்னரே வந்தவராவார். இத்தகைய வேலைகளில் நாளே ஒப்பந்தத்தின் உயிராகும். நாள் தவறியது எனின் ஒப்பந்தமும் தவறியதே. பின்னர் தவணை கொடுத்துக் காத்திருக்கவேண்டிய கடமை மாட்டின் சொந்தக்காரருக்கு இல்லை.

மடிநோய்ச் சிகிச்சை இடையில் நின்றுபோவதால் வரும் தீங்கு வேறுவிதமானது. மடியினுள் ஏற்றப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்து குறித்த இடைவெளியில், குறித்த தடவைகள் கொடுக்கப்பட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய்க்கிருமிகள் முற்றாக அழியாமல் எஞ்சி, அம்மருந்துக்குப் பணியாத வலிமை பெறவுங்கூடும். அத்துடன், கடைசி மருந்து கொடுத்து எத்தனை நாள் வரை பாலை விற்பனை செய்யலாகாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். வைத்தியர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்காமற் போய்விட்டால், அந்நாட்களைக் கணக்கிட வழியேயில்லை. பால் சேகரிப்பு நிலையத்தில் பால் நிராகரிக்கப்படின் அதன் நட்டமும் உரிமையாளர் தலையிலேயே விழும்.

சினைப்படுத்தலுக்கும் சோதனைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருந்தால் சோதனையைச் சிறிதெனக் கருதி விட்டுவிடலாகாது. பசு சராசரி 21 நாட்களுக்கு ஒருமுறை வேட்கை கொள்கின்றது. சினைப்படுத்தி 60 முதல் 90 நாட்களுக்குள் கையாற் சோதித்துச் சினையை உறுதிப்படுத்தலாம். சோதிக்க வருவதாகக் கூறியவர் வராமலிருக்க, பசு சினையாயிருக்கிறதென நம்பி ஐந்தாறு மாதம் தீனியிட்டபின் அது வெறும் பசுவெனத் தெரியவருமாயின், இழந்த வேட்கைப் பருவங்கள் எத்தனையென எண்ணிப் பார்க்கலாம். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்களாதலால், ஒவ்வொரு பருவத் தவறுதலும் கன்றையும் பாலையும் மூன்று வாரம் பின்தள்ளுகின்றது.

சட்டம் என்ன கூறுகின்றது

இலங்கையிலே பாவனையாளரைப் பாதுகாக்கும் முதன்மையான சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமாகும். 1979ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கும், 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்துக்கும் பதிலாக இது வந்தது. பொருள்களை மாத்திரமன்றிச் சேவைகளையும் இச்சட்டம் தழுவுகின்றது. தொழிலாக ஒரு சேவையை வழங்குபவர் எவராயினும், அச்சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்றும், அதற்கெனப் பயன்படுத்தும் பொருள்கள் நோக்கத்துக்கு ஏற்றவையாயிருக்கும் என்றும் உறுதியளித்தவராகவே கருதப்படுவர் என்று அதன் 32ஆம் பிரிவு விதிக்கின்றது. இவ்வுறுதி எழுத்தில் இல்லாவிட்டாலும் உண்டு. காலாவதியான மருந்தை ஏற்றியவரும், குளிரூட்டாமல் வெயிலில் வைத்திருந்த தடுப்பு மருந்தை இட்டவரும் இவ்விதியிலிருந்து தப்ப முடியாது. ஏமாற்றும் வகையில் நடந்துகொள்வதையும், சேவையைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதையும் முறையே 30ஆம், 31ஆம் பிரிவுகள் தடுக்கின்றன.

முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் 13ஆம் பிரிவிலே தரப்பட்டிருக்கின்றது. விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்குமாறோ, பெற்ற பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. பலர் அதிலேதான் தமது உரிமையை இழக்கின்றனர். முறைப்பாடு எழுத்து மூலமாக இருத்தல் வேண்டும் என்பதோடு, சேவை வழங்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்படுதலும் வேண்டும். "அடுத்த கிழமை வருவேன்" என்ற சொல்லை நம்பி ஒவ்வொரு கிழமையாகக் காத்திருப்பவருக்கு மூன்று மாதம் கழிவது தெரிவதில்லை. முடிக்கப்படாத சேவைக்கு எந்நாளிலிருந்து கணக்கிடுவது என்னும் வாதத்துக்கு இடங்கொடாமல், வைத்தியர் கடைசியாக வந்துபோன நாளிலிருந்தே எண்ணி, அதற்குள் கடிதத்தை அனுப்பிவிடுதல் நன்று.

மூன்று மாதம் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணவும் வேண்டியதில்லை. அதிகாரசபையின் கதவு மாத்திரமே மூடுகின்றது. ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சாதாரணச் சட்டத்தின்படி வழக்கிடும் உரிமை எஞ்சியிருக்கும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டும் காலவெல்லையாகும். ஒரு துண்டுக் காகிதம் உரிமையின் ஆயுளை இரட்டிப்பாக்குகின்றது என்பதை இதனால் அறியலாம்.

வைத்தியர் வராமைக்குக் காரணம் அவருடைய தவறாக இல்லாமலும் இருக்கலாம். 2022ஆம் ஆண்டிலே நாட்டில் எரிபொருளும் இறக்குமதி மருந்துகளும் அரிதாகிய காலத்தில், வர விரும்பிய வைத்தியர்களும் வரமுடியாமற் போயினர். அவ்வாறு தவிர்க்கமுடியாத காரணத்தால் வேலை செய்ய இயலாமற் போகும்போது, அவரிடம் நட்டஈடு கோருவது முறையாகாது. எனினும் செய்யாத பகுதிக்குப் பெற்ற பணத்தை வைத்துக்கொள்ள அவருக்கும் உரிமை கிடையாது. நம் நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டத்தின் கொள்கை இதுவேயாகும்.

அயல்நாடாகிய இந்தியாவிலே, கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மனித வைத்தியம் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குட்பட்ட சேவையேயென்று 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எவரிடமும் கட்டணம் பெறாமல் முற்றிலும் இலவசமாகச் செய்யப்படுவது அதற்குப் புறம்பு என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. பிரித்தானியாவிலே வளர்ப்புப் பிராணிகளின் வைத்தியக் கட்டணங்களையும் அது பற்றிப் பாவனையாளருக்குத் தரப்படும் விபரங்களையும் குறித்து, போட்டி, சந்தை அதிகாரசபை 2023ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கி, 2024ஆம் ஆண்டில் முறையான விசாரணையை ஆரம்பித்தது. எந்நாட்டிலும் வைத்தியம் கௌரவமான தொழில். எனினும் பணத்தைப் பெற்றவர் கணக்குக் காட்டவேண்டும் என்பதில் அதற்கு விலக்கு அளிக்கப்படவில்லை.

அரசாங்கச் சேவையும் தனியார் சேவையும்

பிரதேச செயலகப் பிரிவுகளிலுள்ள அரசாங்க மிருக வைத்தியக் காரியாலயங்கள் மாகாணக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. தொற்றுநோய்களுக்கெதிராக அரசாங்கம் இலவசமாக நடத்தும் தடுப்பூசித் திட்டத்தில் ஓர் ஊசி தவறியதற்காகப் பணம் திருப்பிக் கேட்பதென்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் ஊசி ஏன் இடப்படவில்லையென்று கேட்க உரிமை உண்டு. காரியாலயத்தில் பதில் கிடைக்காவிடின் மாகாணப் பணிப்பாளருக்கு எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பமிட்டு, தம் பிரிவுக்கு எத்தனை மருந்துக் குப்பிகள் ஒதுக்கப்பட்டன என்பது போன்ற விபரங்களையும் பெறலாம். இலவசமாகச் செய்யப்படவேண்டிய ஊசிக்கு எவராவது பணம் பெற்றிருந்தால் அது வேறு விடயம். அதைப் பணிப்பாளருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

தனியாரிடம் செல்லும்போது, அவர் பதிவு பெற்றவர்தாமா என்பதை முதலிலே அறிந்துகொள்ளல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க மிருக வைத்தியர்கள், தொழில்புரிவோர் சட்டத்தின் கீழ் மிருக வைத்திய சபை பதிவேட்டை நடத்துகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திற் பட்டம் பெற்றவரும் பதிவு பெற்ற பின்னரே தொழில் செய்யலாம். பதிவெண்ணைக் கேட்பது அவமரியாதையன்று. நேர்மையான வைத்தியர் அதற்குக் கோபிக்கவும் மாட்டார். தோட்டங்களில் மருந்துப் பையுடன் வருபவர் எல்லோரையும் "டொக்டர் ஐயா" என அழைக்கும் வழக்கம் மரியாதையின்பாற்பட்டதாயினும், மருந்து விற்பனை முகவருக்கும் வைத்தியருக்குமுள்ள வேறுபாட்டை அது மறைத்துவிடுகின்றது.

பதிவு பெற்ற வைத்தியரின் ஒழுக்கக்கேடு பற்றி அச்சபைக்கு முறையிடலாம். ஆனால் அது பணத்தை மீட்டுத் தரும் சபையன்று. பணத்துக்கு ஒரு வழியும் ஒழுக்கத்துக்கு வேறொரு வழியும் என்பதை மனத்திற் கொள்க. செய்யும் எண்ணமே இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றிப் பணம் பெற்றிருந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின்படி வஞ்சித்தல் என்னும் குற்றமாகும். அப்போது பொலிசாரிடம் செல்லலாம். முதல் இரண்டு தடவை வந்து சிகிச்சை செய்தவர் மூன்றாம் தடவை வராதது மாத்திரம் குற்றமாகாது. இத்தகைய விடயத்துக்குப் பொலிஸ் நிலையம் சென்றவர் பெரும்பாலும் ஒரு நாட் கூலியை இழந்து திரும்புவர்.

பணம் கொடுக்குமுன் எழுதவேண்டியது

பெரிய பத்திரம் எதுவும் வேண்டியதில்லை. பாடசாலைக் கொப்பியின் ஒரு தாள் போதும். பணம் பெறுபவரின் பெயர், பதிவெண், முகவரி, தொலைபேசி எண். மிருகத்தின் அடையாளம், அதாவது நிறம், வயது, காதுப்பட்டி எண். எத்தனை வருகைகள், எவ்வெத் தேதிகளில். எந்த மருந்து, யாருடைய செலவில். மொத்தத் தொகை, செலுத்திய தொகை. வராவிடின் என்ன செய்வது. இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு, ஒவ்வொரு வருகையின்போதும் அதே தாளில் தேதியும் கொடுத்த மருந்தின் பெயரும் குறித்து வைத்தியரின் கையொப்பம் பெற்றுவந்தால் தகராறு எழுவதே அரிது. மருந்தை விலைக்கு வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவேண்டும்; பொருளை விற்பவர், வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

எழுதத் தவறியவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியும் பணம் அனுப்பியதற்கான அறிவித்தலும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி சான்றாகக் கருதப்படத்தக்கவை. அவற்றை அழித்துவிடலாகாது. வெற்று மருந்துக் குப்பியையும் எறிந்துவிடாமல் வைத்திருத்தல் நன்று. அதிலுள்ள பெயரும் தொகுதி எண்ணும் பின்னர் வரும் வைத்தியருக்கும் பயன்படும். பாற்காசிலிருந்து கழிக்கப்பட்டிருந்தால் அம்மாதத்துக் கணக்குச் சீட்டே பற்றுச்சீட்டாகும். சங்கம் பணத்தைப் பெற்றிருந்தால், "வைத்தியரிடம் கொடுத்துவிட்டோம், அவரையே கேளுங்கள்" என்னும் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சங்கம் தன் பெயரில் சேவையை வழங்குவதாகக் கூறியதா, அன்றி வைத்தியருக்காகப் பணத்தை வசூலித்துக் கொடுத்ததா என்பதைச் சீட்டிலுள்ள பெயரைக்கொண்டு அறியலாம். முன்னதாயின் சங்கமே பொறுப்பாளி. ஐயமிருந்தால் இருவருக்கும் கடிதம் எழுதுக.

சிகிச்சை நின்ற பின் செய்யவேண்டியது

முதற்கடமை மிருகத்துக்கே உரியது. பணத் தகராறு தீரட்டுமென நோயுற்ற மாட்டைப் பார்த்துக்கொண்டிருத்தல் பாவமென்பது ஒருபுறமிருக்க, சட்டப்படியும் அது கேடாகும். தன் நட்டத்தைக் குறைத்துக்கொள்ள நியாயமான முயற்சி செய்யாதவருக்கு, தடுத்திருக்கக்கூடிய நட்டத்துக்கு ஈடு கிடைக்காது. உடனே அரசாங்க மிருக வைத்தியரையோ வேறொரு பதிவு பெற்ற வைத்தியரையோ அழைத்துச் சிகிச்சையைத் தொடரச் செய்து, அவரிடமிருந்து, மிருகம் எந்நிலையில் இருந்தது, எந்தத் தவணைகள் விடுபட்டிருந்தன என்று ஒரு குறிப்பும், கட்டணச் சீட்டும் பெறவேண்டும். மிருகம் இறந்துவிட்டால் புதைக்குமுன் அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவித்துப் பிரேத பரிசோதனை செய்விப்பது அவசியம். சிகிச்சை நின்றதனாலேயே இறந்தது என்பதற்கு அதனைவிட வலிய சான்று வேறில்லை. இறைச்சியாக விற்றுவிட்டுப் பின்னர் நட்டஈடு கேட்பவரின் வழக்கு நிலைப்பது கடினம். மருந்தேற்றிய மிருகத்தின் இறைச்சியை விற்பதே தவறு என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

கேட்கவேண்டிய தொகையைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆறு வருகைகளுக்கென ஒருவர் 15,000 ரூபா கொடுத்தார் எனவும், இரண்டு வருகைகள் நடந்தன எனவும் கொள்வோம். சம பங்காகப் பிரித்தால் நடந்தவற்றின் பெறுமதி 5,000 ரூபா. திரும்பவேண்டியது 10,000 ரூபா. எஞ்சிய நான்கு வருகைகளையும் வேறொரு வைத்தியர் 13,000 ரூபாவுக்குச் செய்தார் எனின், மேலதிகமான 3,000 ரூபாவையும் சேர்த்து 13,000 ரூபா கேட்கலாம். முதலாம் வருகையில் இரத்தப் பரிசோதனை முதலிய செலவுமிக்க வேலைகள் நடந்திருந்தால் சம பங்கு பொருந்தாது. அச்செலவை வைத்தியர் சீட்டுடன் காட்டினால் ஏற்றுக்கொள்வதே நேர்மை. உரிமையாளரின் தவறால் வேலை நின்றிருந்தால், உதாரணமாகக் குறித்த நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தால், அந்த வருகைக்குரிய பணத்தைக் கேட்க இயலாது.

கணக்கிட்டபின், சேவை வழங்கியவருக்கு ஒரு கடிதம் எழுதி, 7 அல்லது 14 நாள் தவணை கொடுத்தல் முறை. அதற்குப் பலனில்லாவிடின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம். அதன் மாவட்டக் காரியாலயங்கள் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் உள்ளன. 1977 என்னும் தொலைபேசி எண்ணிலும் விபரம் கேட்கலாம். தொலைபேசியிற் சொன்னதோடு நிறுத்திவிடாமல் எழுத்திலும் அனுப்புதல் வேண்டும்.

இன்னொரு வழி மத்தியஸ்த சபையாகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இச்சபைகளில் மூன்று மத்தியஸ்தர்கள் இருதரப்பாரையும் வைத்துப் பேசி இணக்கம் காண முயல்வர். சட்டத்தரணிகள் அங்கே தோன்றி வாதிட முடியாது. ஆதலால் செலவும் மிகக் குறைவு. குறித்த தொகைக்குட்பட்ட பணத் தகராறுகளை இச்சபைக்குக் கொண்டு செல்லாமல் நேரே நீதிமன்றத்தில் தொடுக்க முடியாதாகையால், ஒரு மாட்டின் சிகிச்சை பற்றிய தகராறு பெரும்பாலும் இங்கேதான் முதலில் வரவேண்டும். இணக்கம் ஏற்படாவிடின் அதற்குரிய சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம். வசதியற்றவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வழக்கு நடத்த உதவுகின்றது. தம்மைப்போல் அதே வைத்தியரிடம் பணம் கொடுத்து ஏமாந்த அயலவர் இருப்பின் எல்லோரும் ஒரே நாளில் முறைப்பாடு செய்தல் பயன் தரும். ஒருவரின் குறையை மறதியென்று சொல்லித் தப்பலாம், பத்துப்பேரின் குறையை அவ்வாறு சொல்ல முடியாது.

தோட்டத்திலுள்ளோர்க்கு இரண்டு தடைகள் சிறப்பாக உண்டு. ஒன்று மொழி. சப்ரகமுவ மாகாணக் காரியாலயங்களில் பெரும்பாலும் சிங்களத்திலேயே கருமங்கள் நடைபெறினும், அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி எவரும் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை உடையவர். பிறரைக்கொண்டு சிங்களத்தில் எழுதுவித்து, தாம் வாசிக்க முடியாத கடிதத்திற் கையொப்பமிடுவதைக் காட்டிலும், தெரிந்த தமிழில் தாமே எழுதுவது பாதுகாப்பானது. மற்றது முகவரி. லயத்தில் வசிக்கும் பலருக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியே வருகின்றன, பிந்தியும் வருகின்றன. விசாரணைத் திகதி கடந்தபின் அழைப்புக் கிடைத்தால் முறைப்பாடு தள்ளுபடியாகலாம். ஆகவே கடிதத்தில் தோட்டம், பிரிவு, லய எண் ஆகியவற்றோடு தொலைபேசி எண்ணையும் எழுதி, கூடுமாயின் நகரிலுள்ள உறவினர் ஒருவரின் முகவரியையும் சேர்த்தல் நன்று.

மாதிரிக் கடிதம்

சேவை வழங்கியவருக்கு எழுதும் கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"ஐயா, எனது சிவப்புப் பசுவின் மடிநோய்ச் சிகிச்சைக்காக (காதுப்பட்டி எண் ........), நான்கு வருகைகளுக்கென ........ ஆம் தேதி தங்களிடம் ரூபா ........ முழுமையாகச் செலுத்தினேன். ........ ஆம் தேதியும் ........ ஆம் தேதியும் தாங்கள் வந்து மருந்து கொடுத்தீர்கள். எஞ்சிய இரு வருகைகளும் நடைபெறவில்லை. தொலைபேசியில் ........ முறை அழைத்தும் பதில் இல்லை. பசுவின் நலன் கருதி ........ ஆம் தேதி வேறொரு வைத்தியரைக்கொண்டு சிகிச்சையை முடிக்க நேர்ந்தது. அதன் செலவு ரூபா........ . இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் ரூபா ........ ஐத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் மத்தியஸ்த சபைக்கும் முறையிடுவேன். தாங்கள் கொடுத்த மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதி அனுப்புமாறும் வேண்டுகிறேன்."

மருந்தின் பெயரைக் கேட்கும் இறுதி வாக்கியத்தை விட்டுவிடலாகாது. பணம் வர நாளானாலும், பாலை எப்போது விற்கலாமென்பது அதனாலேயே தெரியவரும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோரில் தரும் சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வைக்கவும். பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதிகளை எவருக்கும் அனுப்பாமல், நிழற்பிரதிகளை மாத்திரம் இணைத்து, மூலங்களை மழைநீர் படாத தகரப் பெட்டியில் வைத்திருத்தல் வேண்டும்.